பீன்யாவில் விரல் போன என் தம்பிக்கு வழி சொன்ன வக்கீல் ஆபீஸ்: எங்கள் அனுபவம்

2023 மார்ச்சில் பெங்களூரு பீன்யா இரண்டாவது ஸ்டேஜில், மிஷினில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் என் தம்பிக்கு வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. அப்போது அவனுக்கு 30 வயது. அடுத்த ஐந்து மாதம் யார் யார் பேச்சையோ கேட்டு வீணாக அலைந்தோம், ஆகஸ்டில்தான் ஸ்ரீராம்புரத்தில் இருக்கிற இந்த ஆபீசுக்குப் போனோம். கேஸ் முடிந்து பணம் தம்பி அக்கவுண்டில் விழுந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன், இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் பெயர், வக்கீல்கள் பெயர், போன் நம்பர் எதுவும் இதில் இருக்காது. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது, ஆள் பிடிக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறதாம், அதனால் பெயர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், இடம் சொல்கிறேன். பெயர் தெரியாவிட்டாலும் படியுங்கள், அங்கே நான் தெரிந்துகொண்டதில் பாதி நீங்கள் எந்த வக்கீலிடம் போனாலும் உதவும்.

அது ஏழு பேர் வேலை செய்கிற சின்ன இடம், வண்டி பார்ட்ஸுக்கு கிளாம்ப் அடித்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். அன்று தம்பி ஓவர்டைம் பார்த்தான், ராத்திரி எட்டரை மணி இருக்கும். பெடலை ஒரு தடவைதான் மிதித்தேன், மிஷின் டபுள் அடித்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்வான். அடித்த பீஸை எடுக்கக் கை உள்ளே போயிருந்த நேரத்தில் இரண்டாவது தடவையும் இறங்கிவிட்டது. கிளட்ச் தேய்ந்துபோனால் அப்படி ஆகும் என்று பிரஸ் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், முந்தின வாரமே சூப்பர்வைசரிடம் சொல்லியும் இருக்கிறான். அவர்தான் பைக்கில் பின்னால் உட்காரவைத்து ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் யாரோ அங்கே "வீட்டில் கிரைண்டரில் கை மாட்டிக்கொண்டது" என்று சொல்லியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் பேப்பரில் அதுதான் எழுதியிருந்தது. நாங்கள் அதைப் படிக்கவே இல்லை, படித்திருந்தாலும் அந்த ஒரு வரியின் கனம் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஒரு ஆள் வந்தான். நல்ல தமிழ் பேசினான். "கவலைப்படாதீங்கக்கா, ஏழெட்டு லட்சம் வாங்கித் தர்றோம், கைக்காசு பைசா வேண்டாம், வர்றதுல நூத்துக்கு இருபத்தஞ்சு கொடுத்தாப் போதும்" என்று சொல்லி வெள்ளைப் பேப்பரில் நாலு இடத்தில் கையெழுத்துக் கேட்டான். வலது கை கட்டுப் போட்டிருக்கிறதே என்றால், இடது கைக் கட்டைவிரல் ரேகை போதும் என்றான். வெள்ளைப் பேப்பர் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நான் மறுத்தேன், கமிஷன் கேட்பது தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. வரப்போகும் பணத்தில் இத்தனை பங்கு என்று பேசி ஒரு வக்கீல் கேஸ் எடுக்கவே கூடாது, அதற்கும் பார் கவுன்சில் விதி இருக்கிறது என்று இந்த ஆபீசில்தான் கேள்விப்பட்டேன்.

அப்புறம் ஓனர் வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வராது, தீபாவளிக்குத் தவறாமல் வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தனுப்புகிறவர், ஆஸ்பத்திரி பில்லில் 45,000 அவர்தான் கட்டினார். ஆனால் மே மாதம் ஒரு ஸ்டாம்ப் பேப்பரோடு வந்து, 40,000 ரூபாயை அம்மா கையில் கொடுத்து, தம்பியிடம் இடது கையால் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பேப்பர் கன்னடத்தில் இருந்தது. நாங்கள் மூவரும் கன்னடம் சரளமாகப் பேசுவோம், இங்கேயே வளர்ந்தவர்கள், ஆனால் படிக்க வராது. கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி கேட்க முடியாது என்று அதோடு விட்டுவிட்டோம். எதிர்வீட்டில் கார்மெண்ட்ஸுக்குப் போகிற அக்கா ஒருவர் தன் விபத்துக்கு இங்கே போய் வந்தவர், அவர் சொல்லித்தான் ஒரு சனிக்கிழமை போனோம்.

மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். கீழே டீக்கடை, முதல் மாடியில் குடோன், இரண்டாவது மாடியில் ஆபீஸ். லிஃப்ட் கிடையாது. இரண்டு வக்கீல்கள் இருக்கிறார்கள். ஒருவர் கேஜிஎஃப் பக்கத்துத் தமிழ் மேடம், இன்னொருவர் கன்னடக்காரர், அவரும் தமிழ் நன்றாகப் புரிந்துகொள்வார். கூடவே, வேலையில் இருந்த காலம் முழுக்க இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பேப்பர்களோடு இருந்து ரிட்டையர் ஆன ஒரு பெரியவர். சொல்லப்போனால் பாதி ஆபீஸ் அவர்தான். டோக்கன் எழுதுவது, பேப்பர் அடுக்குவது, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. முதல் நாள் உட்கார்ந்து பேச 300 ரூபாய், அது இல்லாதவர்களிடம் கேட்பதில்லை.

மேடம் அந்த ஸ்டாம்ப் பேப்பரை வாங்கி வரி வரியாகத் தமிழில் சொன்னார். "இனிமேல் இந்த விபத்து சம்பந்தமாக எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்பதுதான் அதன் சாரம். கேட்டதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். மேடம் பேப்பரை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "இது நிக்காதும்மா" என்றார். தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது, 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே 17-ஆவது பிரிவில் அது இருக்கிறது என்றார். வாங்கிய 40,000-ஐ மறைக்காமல் மனுவில் சொல்லிவிட வேண்டும், அது கழியும், அவ்வளவுதான். ஓனர் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய 45,000 கழியாது, ஏனென்றால் வைத்தியச் செலவை இழப்பீடாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. இந்த நாலு வாக்கியத்துக்காக நாங்கள் ஐந்து மாதம் காத்திருந்திருக்கிறோம்.

அடுத்து பெரியவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். இந்த ஆபீசை நான் எல்லோருக்கும் சொல்வதற்கு முதல் காரணம் இந்தத் தாள்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார், 16,500 என்றோம். சட்டத்தில் கணக்குக்கு எடுத்துக்கொள்கிற உச்சவரம்பு 15,000 தான், 2020 ஜனவரியிலிருந்து, அதற்கு முன்னால் வெறும் 8,000 ஆக இருந்தது என்று சொல்லி 15,000 என்று எழுதினார். அதில் 60 சதவீதம், 9,000. வயதுக்கு ஒரு பெருக்கும் எண் இருக்கிறது, 30 வயதுக்கு 207.98. பெருக்கினால் 18,71,820. ஒருவர் இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்ற நிலை வந்தால் வருகிற முழுத்தொகை அது. எந்த உறுப்புப் போனால் எத்தனை சதவீதம் என்று சட்டத்தின் பின்னாலேயே அட்டவணை இருக்கிறது: கட்டைவிரல் போனால் 30, ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20, மூன்று விரல் என்றால் 30, நாலு விரல் என்றால் 50. தம்பிக்கு 20 சதவீதம், அதாவது 3,74,364 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் அதற்கு மேல் வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி. இதையெல்லாம் எங்கள் கண் முன்னாலேயே பெருக்கி, கீழே கோடு போட்டு, தாளைத் தம்பி கையில் கொடுத்தார். "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, வேற ரெண்டு வக்கீல்கிட்டயும் காட்டுங்க, அப்புறமா யோசிச்சு வாங்க" என்றார்.

ஏழெட்டு லட்சம் என்று ஆசை காட்டியவனையும் பார்த்தாயிற்று, 40,000 கொடுத்து முடித்தவரையும் பார்த்தாயிற்று. ஆனால் உங்களுக்குச் சட்டப்படி வர வேண்டியது இவ்வளவு, இப்படித்தான் வருகிறது என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி முதலில் சொன்னவர் அந்தப் பெரியவர்தான். அந்தத் தாளை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

ஃபீஸ் பேசும் முன்னால் மேடம் இன்னொன்று சொன்னார், எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், எஸ்சி எஸ்டி மக்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இவர்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு அந்த உரிமை உண்டு, எச். சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டிடத்தில் மாநில சட்டப்பணிகள் ஆணையம் இருக்கிறது, 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள், அங்கே போவதானால் தாராளமாகப் போங்கள், இந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள் என்றார். காசு வாங்கப் போகிற இடத்தில், காசில்லாமலும் நடக்கும் என்று யார் சொல்வார்கள்? வீட்டில் பேசிப் பார்த்து, தமிழில் உட்கார்ந்து பேச முடிகிறதே என்று இவர்களிடமே கொடுத்தோம். ஃபீஸ் 20,000, நாலு தவணை, நாலுக்கும் ரசீது. டாக்டர் சாட்சிச் செலவும் சில்லறைச் செலவும் தனி. அந்த ஆஸ்பத்திரி ஆள் சொன்ன கால் பங்கைக் கொடுத்திருந்தால் எங்களுக்குக் கடைசியில் வந்த பணத்தில் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல் போயிருக்கும்.

பேப்பர் தேடுகிற வேலை இரண்டு மாதம் ஓடியது. டிஸ்சார்ஜ் பேப்பரில் "வீட்டில் கிரைண்டரில்" என்று இருந்ததை மேடம் படித்த உடனே பிடித்துவிட்டார். வேலையால், வேலை நேரத்தில் வந்த காயம் என்று நிரூபித்தால்தான் இந்தச் சட்டமே பொருந்தும், அதனால் இந்த ஒரு வரி மொத்தக் கேஸையும் கவிழ்த்துவிடும் என்றார். ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து முழு கேஸ் ஷீட்டை வாங்கச் சொன்னார். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002 விதிகளில் இருக்கிறது, அதையும் குறிப்பிட்டு எழுதினோம். வந்த கட்டில் முதல் பக்கம், அன்று ராத்திரி கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் கையால் கிறுக்கியது, அதில் "வேலை இடம், பிரஸ் மிஷின்" என்று தெளிவாக இருந்தது! தம்பியே அரை மயக்கத்தில் சொல்லியிருக்கிறான், அவனுக்கு ஞாபகமே இல்லை. கிரைண்டர் கதை அதற்குப் பிறகு நுழைந்தது.

சம்பளத்துக்குச் சாட்சி இன்னொரு தலைவலி. பாதி போன்பேயில் வரும், மீதி கையில். பெரியவர் தம்பி போனை வாங்கி ஓனரின் வாட்ஸ்அப்பில் ஒரு வருஷம் பின்னால் போய், "பாக்கி எட்டாயிரத்தைச் சனிக்கிழமை வந்து வாங்கிக்கோ" மாதிரி வந்திருந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைத்தார்.

அடுத்தது மிஷின் கார்டு விஷயம், அதாவது கை உள்ளே போகாமல் தடுக்கிற மறைப்பு. மிஷினில் இருந்த பாதுகாப்புக் கார்டைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றிவிட்டான் என்று ஓனர் பக்கம் நிரூபித்தால், இந்த மாதிரிக் காயத்துக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம் என்று மேடம் முன்கூட்டியே சொன்னார். கண்டிப்பாக அதைச் சொல்வார்கள், கார்டு முதலிலிருந்தே இல்லை என்பதற்கு ஏதாவது படம் இருக்கிறதா என்று கேட்டார். பிரஸ் ஷாப்பில் யார் மிஷினைப் படம் எடுப்பார்கள் என்று முழித்தோம். தம்பிக்குத்தான் சட்டென்று தோன்றியது, ஆயுத பூஜை! 2022 அக்டோபரில் மிஷினைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பெடல் வரைக்கும் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஓனரும் சூப்பர்வைசரும் இவனும் சேர்ந்து நின்று எடுத்த படம். தகட்டை அடிக்கிற அச்சைச் சுற்றி மாலை போட்டிருக்கிறது, கார்டு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. பூஜைப் படம் கோர்ட்டுக்குப் போகும் என்று நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை.

நோட்டீஸ் போன பிறகு தெரிந்த ஒரு விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஓனர் பக்கத்து வக்கீல் அனுப்பிய பதிலில், தொழிலாளர் இழப்பீட்டுக்கென்று ஒரு இன்சூரன்ஸ் பாலிசி நடப்பில் இருப்பதாக எழுதியிருந்தார். வருஷா வருஷம் பிரீமியம் கட்டியிருக்கிறார்கள். மார்ச்சிலேயே ஒரு தகவல் கொடுத்திருந்தால் அவர் கைக்காசு போயிருக்காது, கிரைண்டர் கதையும் தேவைப்பட்டிருக்காது, எங்கள் வீட்டு நகையும் அடகுக்குப் போயிருக்காது. அவருக்கே அந்தப் பாலிசி எதற்கு என்று சரியாகத் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பீரோவில் இருக்கிற பாலிசிப் பேப்பரை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

கோர்ட்டில் நவம்பரில் மனுப் போட்டார்கள். விபத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், நாங்கள் நல்லவேளையாக உள்ளேதான் இருந்தோம். குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் மேடம் சொன்ன இரண்டையும் வரிசையாகக் கேட்டார், கிரைண்டரும் கேட்டார், கார்டும் கேட்டார். என்ன கேட்பார்கள் என்று முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லியிருந்ததால் தம்பி பயப்படாமல் பதில் சொன்னான். 2025 ஜூலையில் தீர்ப்பு, அக்டோபரில் பணம். 20 சதவீதமும் வட்டியும் வந்தது, 40,000 கழிந்தது, நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. தாமதத்துக்கு அபராதமும் கேட்டிருந்தோம், கொடுக்கவில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். அவையும் சின்னக் குறைகள் இல்லை.

மருந்துக் கடை பில், டிரஸ்ஸிங் பில், ஸ்கேன் பில் எல்லாம் தொழிலாளிக்குத் திருப்பிக் கிடைக்கும் என்று 2010-லிருந்து சட்டத்தில் இருக்கிறது. அதை எங்களுக்கு முதல் நாள் சொல்லவில்லை, மூன்றாவது முறை போனபோதுதான் சொன்னார்கள். அதற்குள் வீடு மாறியதில் பாதி பில் போய்விட்டது, கையில் இருந்த பில்லுக்கு 11,000 சொச்சம்தான் கிடைத்தது. வருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம் இது, நேரிலும் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, வாய்தா மாறினால் சொல்வதில்லை. இரண்டு தடவை தம்பி புது வேலையில் லீவு போட்டு, அரை நாள் சம்பளம் போய், கோர்ட் வாசலில் நின்ற பிறகுதான் அன்று கேஸ் இல்லை என்று தெரிந்தது. போன் எடுக்க மாட்டார்கள். சனிக்கிழமை டோக்கன் வாங்கினால் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். கூட்டம் அதிகம், ஆள் குறைவு, புரிகிறது, ஆனால் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்றாவது எங்கள் பக்கமும் தப்பு இருக்கலாம். அட்டவணையில் 20 என்று இருந்தாலும் அதற்கு மேலும் கேட்டுப் பார்ப்போம் என்று மேடம் சொன்னார். 1975-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று, ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது, ஒரு கையால் தச்சு வேலை நடக்காது, அதனால் அவருக்கு நூறு சதவீத இழப்பு என்று சொன்ன தீர்ப்பு. அதைக் காட்டி, தம்பி வலது கைக்காரன், இனி பிரஸ் வேலைக்கே போக முடியாது என்று வாதாடினார்கள். தொழிலாளர் இழப்பீட்டுக் கமிஷனராக இருந்து விசாரித்த நீதிபதி அட்டவணையோடு நிறுத்திவிட்டார். கேட்டுப் பார்ப்போம் என்று அவர் சொன்னது எங்கள் காதில் கிடைத்துவிடும் என்று விழுந்திருக்கிறது, தீர்ப்பு அன்று அம்மா முகம் வாடிவிட்டது. அப்பீல் போகலாமா என்று கேட்டோம், போகலாம், ஆனால் ஹைகோர்ட்டில் எத்தனை வருஷம் ஆகும் என்று சொல்ல முடியாது என்று நேராகச் சொன்னார்கள். விட்டுவிட்டோம்.

நான்காவது அந்தப் படிக்கட்டு. கால் உடைந்தவர்கள், இடுப்பு போனவர்கள் வருகிற ஆபீசை இரண்டாவது மாடியில் வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டிட வேலைக்காரர், சாரத்திலிருந்து விழுந்தவர், மனைவியும் மச்சானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினதை என் கண்ணால் பார்த்தேன். அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

அவர் விஷயத்தில் மேஸ்திரி ஓடிவிட்டார், சொந்த ஊருக்கே போய்விட்டாராம், யாரைக் கேட்பது என்று அந்த மனைவி தவித்தார். மேஸ்திரி இல்லாவிட்டால் அவருக்கு வேலை கொடுத்த பெரிய கம்பெனி கொடுக்க வேண்டும், பிறகு அவர்கள் மேஸ்திரியிடம் வாங்கிக்கொள்ளட்டும், 12-ஆவது பிரிவு அதுதான் என்று பெரியவர் சொன்னதை அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அங்கே ரகசியம் என்று ஒன்றும் இல்லை, ஒரே கூடம், ஒரு மர அலமாரிதான் தடுப்பு. சிலருக்கு அது கஷ்டமாக இருக்கும். காத்திருந்த மூன்று மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது அந்தத் தடுப்பு வழியாகத்தான்.

கார்மெண்ட்ஸ் பெண் ஒருத்தி, வேலை முடிந்து வேனில் திரும்பும்போது வேன் கவிழ்ந்து தோள்பட்டை போயிருந்தது. ஃபேக்டரிக்கு வெளியே நடந்தது என்று ஹெச்ஆர் கைவிரித்துவிட்டார்களாம். இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா என்று பெரியவர் கேட்டார், இருந்தது. வேலைக்குப் போகிற வழியும் வருகிற வழியும் 2010-லிருந்து இஎஸ்ஐ சட்டத்தில் சேர்ந்துவிட்டது, வேலைக்கும் விபத்துக்கும் தொடர்பு காட்டினால் போதும், விபத்து ரிப்போர்ட்டைக் கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும், வேலைக்குப் போக முடியாத நாளுக்கெல்லாம் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும் என்று சொல்லி, எந்த பிராஞ்சு ஆபீஸ், எந்தக் கவுண்டர் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. இஎஸ்ஐ இருந்தால் எங்கள் மாதிரி இழப்பீட்டு கேஸ் போட முடியாது, அந்த வழியில்தான் போக வேண்டும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. தம்பி இடத்தில் ஏழே பேர், பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் இஎஸ்ஐ வரவில்லை.

இன்னொரு பையன், டெலிவரி வேலை, தும்கூர் ரோட்டில் கார் இடித்துக் கால் எலும்பு முறிந்தவன். விபத்து நடந்து ஐந்தரை மாதம் ஆகியிருந்தது. 2022 ஏப்ரலுக்குப் பிறகு நடந்த சாலை விபத்துக்கு ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. மேடம் மற்ற டோக்கனையெல்லாம் நிறுத்திவிட்டு அவனை உள்ளே கூப்பிட்டு அன்றே வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை காலை மேயோ ஹால் கோர்ட்டுக்கு வரச் சொன்னார். எங்கள் முறை இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது, யாரும் முணுமுணுக்கவில்லை.

ஒரு விஷயம் இப்போது மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, பழைய 1923 சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் அதற்குள் போய்விட்டன. போகிற வழி, வருகிற வழி விபத்து இப்போது இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கும் உண்டு. அதனால் இனி அடிபடுகிறவர்கள் நான் சொன்ன பிரிவு எண்களைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், நேரில் கேளுங்கள்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். பில் விஷயத்துக்கும் வாய்தா விஷயத்துக்கும் சேர்த்து ஒன்று குறைத்தேன். பெரிய கம்பெனி, பெரிய தொகை, ஹைகோர்ட் வரைக்கும் போகிற கேஸ் என்றால் இவர்கள் போதுமா என்று எனக்குச் சந்தேகம்தான், அவர்களே வேறு வக்கீலிடம் அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். தம்பி இப்போது ராஜாஜி நகரில் ஒரு இடத்தில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறான், அளவு பார்க்கிற வெர்னியரை இடது கையில் பிடிக்கப் பழகிவிட்டான். பணத்தில் முதல் வேலையாக அம்மா நகையை மீட்டோம்.

போகிறவர்கள் டிஸ்சார்ஜ் பேப்பர் மட்டும் போதும் என்று நினைக்காமல், இருக்கிற எல்லா பில்லும், பேங்க் ஸ்டேட்மெண்டும், ஓனர் நம்பர் இருக்கிற பழைய போனும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பேப்பரின் காப்பி இருந்தால் அதுவும் எடுத்துப் போங்கள். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு முன்னால் போனால் முதல் பத்து டோக்கனுக்குள் வரலாம். படி ஏற முடியாதவர்கள் ஏற வேண்டாம், கீழே டீக்கடைக்காரரிடம் சொன்னால் பெரியவரை மேலிருந்து கூப்பிடுவார், அவர் நோட்டுப் புத்தகத்தோடு இறங்கி வந்து கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதிக்கொள்வார்.